மச்சானின் இரண்டு வினாடி

சலவைக் கடையில் அவரை எல்லோரும் டோக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிக்கு அவர் டோக்கன், இஸ்திரி போடுகிறவர்களுக்கு டோக்கன் சார், கவுண்டரில் நிற்கிற அக்காவுக்கு டோக்கன் தம்பி. இருபத்திரண்டு வருஷமாக அதே கடை. முதல் எட்டு வருஷம் ஈரத்துணியை உதறி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. எதைக் கையில் எடுத்தாலும் மூன்றாக மடிப்பார்: துண்டு, செய்தித்தாள், மின்கட்டண ரசீது, ஒருமுறை தன் திருமணப் பதிவுச் சான்றிதழ். பெரிய மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் மடித்ததை இன்னொருவர் மடிக்க வேண்டியிருக்காது.

எட்டாவது வருஷக் கடைசியில் ஒரு வக்கீலின் கோட்டும் ஒரு மேஜிக்காரரின் கோட்டும் இடம் மாறிப் போயின. வக்கீல் நீதிமன்றத்தில் முகம் துடைக்கலாம் என்று கைக்குட்டையை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், மறுபடியும் சிவப்பு. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தாராம். அந்த வாரமே முதலாளி, துணிக்கும் ஆளுக்கும் ஒரே எண் போட்ட சீட்டு வேண்டும், கையால் எழுதினால் கோழிக் கிறுக்கலாக இருக்கிறது, கணினியில் செய்ய யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். யாருக்கும் தெரியாது. டோக்கன் மட்டும் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தார்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். டோக்கன் விசைப்பலகையைத் தட்டுவார், வாத்தியார் மவுஸைப் பிடித்துக்கொள்வார். டோக்கன் தப்பாக ஏதாவது தட்டப்போகும்போதெல்லாம் வாத்தியாரின் வலது கால் மேஜைக்கடியில் தரையை ஓங்கி மிதிக்கும். மாணவர் வண்டியில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அந்தப் பழக்கம். ஆறு மாதம் இப்படிப் படித்ததில் டோக்கனுக்கு நிரல் எழுத வந்தது. வாத்தியாரின் வீட்டுக்குப் பாடம் படிக்கப் போனதில் அவர் தங்கையோடு கல்யாணமும் ஆயிற்று. வாத்தியார் மச்சான் ஆனார்.

சீட்டு அச்சடிக்கும் மென்பொருளை டோக்கன் எழுதினார். பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் கடையில் வைத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் பொதுவில் போட்டுவிட்டார். முதல் வருஷம் யாரும் சீண்டவில்லை. பிறகு ஒன்று, பத்து என்று ஆரம்பித்து, பதினான்கு வருஷத்தில் முந்நூற்று நாற்பது சலவைக் கடைகள் அதை ஓட்டின. அவர்களில் ஒருவர் முகத்தையும் டோக்கன் பார்த்ததில்லை. யார் பிழை சொன்னாலும் “தங்கள் பிழை கிடைக்கப்பெற்றது” என்று பதில் எழுதுவார்.

அந்த மென்பொருளில் ஒரு பகுதி மட்டும் அவர் எழுதியதல்ல. அச்சுப்பொறியோடு பேசுகிற வேலையை மச்சான் எழுதினார். எழுதியதைத் தனி லைப்ரரியாக, அதாவது எந்த மென்பொருளும் கோத்துக்கொள்ளக்கூடிய பொதுத் தொகுப்பாக, தன் பெயரில் வெளியிட்டார். பல பேருக்குப் பயன்படும் என்பது அவர் சொன்ன காரணம். பயன்படுத்தியவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒன்று டோக்கன். இன்னொன்று எங்கோ ஒரு நாய்க் காப்பகம். அவர்களும் போன வருஷம் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் மச்சானின் விசிட்டிங் கார்டில் டிரைவிங் ஸ்கூல் கீழே பொடி எழுத்தில்தான் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் “பன்னாட்டு மென்பொருள் லைப்ரரி ஆசிரியர்” என்று இருந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் மரத்த நிலையிலும் அதை மருத்துவரிடம் எடுத்து நீட்டியவர் அவர். கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிற மாணவர்களிடமும் அதைத்தான் முதலில் சொல்வார். ஊரில் அவருக்கு வேறு எந்தப் பெருமையும் இல்லை, வேண்டும் என்று கேட்டதும் இல்லை.

லைப்ரரியில் ஒரு விசித்திரம் இருந்தது. சீட்டு அடிக்கச் சொன்னால் உடனே அடிக்காது. இரண்டு வினாடி சும்மா இருக்கும், பிறகு அடிக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நிரலில் அந்த இடத்துக்கு மேல் மச்சான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: “இதை எடுக்காதே. காரணம் உண்டு. பிறகு எழுதுகிறேன்.”

வினை புதுக் கணினி ரூபத்தில் வந்தது. கடையின் பழைய கணினி இஸ்திரி ஆவியில் வெந்து, விசைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்ததும் முதலாளி புதிது வாங்கினார். ஆறு வருஷமாகக் கைபடாத மச்சானின் லைப்ரரியைப் புதுக் கணினி ஏற்க மறுத்தது. கவுண்டரில் பழையதையே தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் இதே புகார் வந்தது. பத்தொன்பது பேர். டோக்கன் நான்கு முறை லைப்ரரியின் பக்கத்தில் மச்சானுக்கு எழுதினார். பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சான் டோக்கன் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அப்போது கேட்டால், “வீட்டுல பேசறது பதிவுல நிக்காது மாப்ளே, எழுதிப் போடுங்க” என்பார். எழுதித்தான் போட்டிருக்கிறேன் என்றால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

கடைசியில் டோக்கன் உட்கார்ந்து, அச்சுப்பொறியோடு நேரடியாகப் பேசுகிற நிரலைத் தானே எழுதிப் பார்த்தார். அறுபத்தோரு வரி. மச்சானுடையது நாலாயிரம். புதுக் கணினியில் சீட்டு பட்டென்று வந்தது. இனி அந்த லைப்ரரியைச் சார்ந்திருக்கத் தேவையில்லை. எடுத்துவிட வேண்டியதுதான்.

மனைவியிடம் சொன்னார். அவள் காயவைத்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்தா எங்க அண்ணன் என்ன ஆவாரு?” என்றாள்.

“ஒண்ணும் ஆக மாட்டாரு. டிரைவிங் ஸ்கூல் இருக்கே.”

“என்னங்க, அந்த மனுஷன் அந்தக் கார்டைப் புதுசா ஐந்நூறு அடிச்சு வெச்சிருக்காரு. நீங்க அதை எடுத்துட்டா, ஞாயித்துக்கிழமை அவர் இந்தப் படி ஏறுவாருன்னு நினைக்கிறீங்களா?”

டோக்கன் அதை நினைத்துப் பார்த்தார். மச்சான் வராத ஞாயிற்றுக்கிழமை என்பது அவர் வாழ்க்கையில் கல்யாணத்துக்குப் பிறகு இருந்ததே இல்லை. தான் செய்கிற காரியம் இன்னதென்று அந்த ஊரில் புரிந்த ஒரே ஆள், அது பாதிதான் புரிந்தாலும், மச்சான்தான். மற்றவர்களுக்கு அது சீட்டு வருகிற பெட்டி. மச்சான் வராவிட்டால் யாரிடம் அலுத்துக்கொள்வது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. நூறாவது கடை சேர்ந்த அன்றைக்கு டோக்கன் தலை கால் புரியாமல் மென்பொருளுக்கு ஒரு விதிமுறை எழுதி வைத்திருந்தார். எந்தச் சார்பையும், அதாவது மென்பொருள் சார்ந்திருக்கிற வெளி லைப்ரரியையும், நீக்குமுன் காரணத்தைப் பொது விவாதப் பக்கத்தில் எழுத வேண்டும். இருபது நாள் திறந்து வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆட்சேபித்தவர் தாமே திரும்பப் பெறும்வரை எதையும் நீக்கக் கூடாது. அன்றைக்கு மென்பொருளுக்கு இருந்த சார்பு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவர் தன் வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்பது விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை முன்மொழிவைப் போட்டார். வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்திருந்தார். “மதிப்புமிக்க பங்களிப்பு”, “காலத்தின் கட்டாயம்”, “வருத்தத்துடன்” எல்லாம் இருந்தன. வாரம் முழுக்க மௌனம். எதையும் எதிர்க்கிற பழக்கமுள்ள, “அரைக்கை” என்ற புனைபெயரில் எழுதுகிற ஒரு வெளியூர்ச் சலவைக்காரர்கூட முதல்முறையாக “சரி” என்று எழுதிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். சோபாவில் உட்கார்ந்தார், போனை எடுத்தார், வீட்டு வைஃபையின் கடவுச்சொல் மாறிவிட்டதா என்று தங்கையைக் கேட்டார், தட்ட ஆரம்பித்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்த டோக்கனின் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார்.

“மதிப்பிற்குரிய மென்பொருள் பராமரிப்பாளர் அவர்களுக்கு: ஆட்சேபம் ஒன்று. முன்மொழிவில் மரியாதை போதாது.”

மூன்றடி தூரத்தில் மச்சான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கன் பதில் எழுதினார்: “தங்கள் ஆட்சேபம் கிடைக்கப்பெற்றது. மரியாதை கூட்டப்படும்.” சோபாவில் டிங் என்றது.

இப்படிச் சாப்பாடு முடிவதற்குள் பதினான்கு ஆட்சேபங்கள் வந்தன. ஐந்தாவது, பத்தொன்பது புகார்களும் ஒரே ஆள் வேறு வேறு பெயரில் எழுதியவை என்று சந்தேகித்தது. ஒன்பதாவது ஒரு கேள்வி: ஒரு காரின் டயரை மாற்றி, கதவை மாற்றி, எஞ்சினையும் மாற்றிவிட்டால் அதே கார் என்று சொல்ல முடியுமா? டோக்கன் இந்த ஒன்றில்தான் மாட்டிக்கொண்டார். கையில் சோற்றோடு வெகுநேரம் யோசித்தார். கேள்வி நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது, ஆனால் அதை எழுதினால் மச்சான் இன்னும் பத்து போடுவார். நம்பர் பிளேட் மாறாதவரை அதே கார்தான் என்று பதில் போட்டார். பத்தாவது ஆட்சேபம் நம்பர் பிளேட்டைப் பற்றி இருந்தது.

வாய் திறந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் மனைவிதான் தூது. “அண்ணா, உங்களுக்கு உப்பு வேணுமான்னு பராமரிப்பாளர் கேக்கறார்” என்றாள். மச்சான், வேண்டும் என்று தங்கையிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மச்சான் வரவில்லை. மாணவருக்குத் தேர்வு என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் தேர்வு கிடையாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மனைவி மூன்று தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் டோக்கனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விதிப்படி நீக்க முடியாது, ஆனால் சோதனைப் பதிப்பு வெளியிடத் தடையில்லை. புகார் சொன்னவர்கள் பொறுக்கவில்லை. தன் கடையிலும் இன்னும் பதினொரு கடைகளிலும் அறுபத்தோரு வரியைப் போட்டு ஓட்டிப் பார்க்கத் திங்கட்கிழமை ஏற்பாடு செய்தார். கவுண்டர் அக்கா புதுக் கணினியில் எண்ணைத் தட்டினார், சீட்டு வெடுக்கென்று வந்தது, வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு போனார். வரிசையே நிற்கவில்லை. முதலாளி டோக்கனின் முதுகில் தட்டினார். அவர் வாழ்நாளில் அப்படித் தட்டுவது அது இரண்டாவது முறை. முதல்முறை டோக்கனுக்குப் புரையேறியிருந்தது.

புதன்கிழமை ஒரு பல் மருத்துவமனையின் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகள் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன.

இயந்திரத்தைத் திறந்து பார்த்தார்கள். கோட்டுகளோடு சேர்ந்து, வெள்ளைதானே என்று அக்கா போட்ட இன்னொரு சீருடைக் கோட்டும் கிடந்தது. அதன் உள்பையில் மூடி திறந்த ஒரு சிவப்பு மசிப் பேனாவும், வடை அளவுக்கு உருண்ட காகிதக் கூழும் இருந்தன. கோட்டின் முதுகில் டிரைவிங் ஸ்கூல் பெயர் இருந்தது.

டோக்கன் அக்காவிடம், பதினான்கு வருஷமாக ஒரு பேனா தப்பியதில்லையே, இன்றைக்கு எப்படி என்று கேட்டார்.

அக்கா யோசித்தார். “முன்னாடி சீட்டு வர நேரமாகும்ல தம்பி. அது வர்ற வரைக்கும் கை சும்மா இருக்காது, பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பேன். இப்போ பட்டுனு வந்துடுது. அடுத்த ஆள் துணியை நீட்டிடறாரு.”

“யார் உங்களைத் தடவிப் பார்க்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நிக்கற நேரத்துல வேற என்ன பண்றது?”

டோக்கன் விவாதப் பக்கத்தைத் திறந்தார். சோதனைப் பதிப்பு ஓடிய மற்ற கடைகளிலிருந்தும் செய்திகள் வந்து குவிந்திருந்தன. ஒரு கடையில் பல்செட் துவைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் காது கேட்கும் கருவி. அரைக்கையின் கடையில் ஓர் ஆமைக்குஞ்சு. உயிரோடு இருக்கிறது, முன்பைவிடச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தார். எல்லாக் கடையிலும் ஒரே கதை. மூன்று நாளைக்கு முன்புவரை அந்த இரண்டு வினாடியில் ஒரு கை, யாரும் சொல்லாமலே, ஒரு பாக்கெட்டுக்குள் போய்வந்திருக்கிறது.

வியாழக்கிழமை மச்சான் கோட்டை வாங்க வந்தார். அக்கா அவர் கையில் கோட்டையும், ஒரு சின்னப் பையில் போட்ட கூழையும் கொடுத்தார்.

“இது என்ன மாப்ளே?” முன்மொழிவுக்குப் பிறகு மச்சான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

“தெரியலையே மச்சான். நீங்கதான் சொல்லணும்.”

மச்சான் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பதினஞ்சாவது ஆட்சேபம்” என்றார் வாடிய முகத்தோடு. “மாணவனுக்கு ரிவர்ஸ் கத்துக்குடுக்கறப்போ எழுதினது. நல்லா வந்திருந்துச்சு.”

வெளியே அவருடைய பயிற்சி வண்டி நின்றது. இருவரும் அதில் போய் உட்கார்ந்தார்கள். மச்சான் பழக்க தோஷத்தில் வாத்தியார் இருக்கையில் ஏறிவிட்டதால், டோக்கன் ஸ்டியரிங் பக்கம் உட்கார வேண்டியிருந்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மச்சானிடமே கற்று மூன்று முறை தேர்வில் தோற்றவர். வண்டி நகரவில்லை, ஆனாலும் மச்சான் பிரேக்கை அழுத்தி மிதித்தபடிதான் பேசினார்.

“மச்சான், அந்த ரெண்டு செகண்ட் எதுக்கு வெச்சீங்க?”

“காரணம் உண்டுன்னு எழுதியிருக்கேனே.”

“பிறகு எழுதறேன்னும் எழுதியிருக்கீங்க. பதினாலு வருஷம் ஆச்சு.”

மச்சான் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தார்.

“மறந்துடுச்சு மாப்ளே” என்றார். “நீங்க புகார் எழுதினப்போ திறந்து பார்த்தேன். நாலு தடவையும் பார்த்தேன். ஒரு வரி புரியல. யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. அதை எப்படி எழுதிப் போடறது? சரி, பதில் போடாம இருந்தா நீங்களே விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். எடுத்துடறேன்னு எழுதிட்டீங்க.” பிரேக்கை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினார். “எறங்குங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு.”

டோக்கன் கையில் கிடைத்த விசிட்டிங் கார்டு ஒன்றை மூன்றாக மடித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். அக்காவின் கை, பேனா, பல்செட், காதுக் கருவி, ஆமைக்குஞ்சு. சொல்லச் சொல்ல மச்சானின் முதுகு நிமிர்ந்தது.

“அப்போ காரணம் இருந்திருக்கு.”

“இருந்திருக்கு மச்சான்.”

“நான்தான் சொன்னேன்ல.”

எழுதியபோது இல்லாத காரணம் பதினான்கு வருஷம் கழித்து வந்து சேர்ந்தால் அதைக் காரணம் என்று சொல்லலாமா என்று டோக்கனுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டார். பிரேக்கிலிருந்து மச்சான் காலை எடுத்திருந்தார், அதைக் கெடுக்க வேண்டாம்.

பல் மருத்துவமனை விஷயமும் தானாகவே அடங்கியது. இளஞ்சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் குழந்தைகள் அழுவது குறைந்திருக்கிறது, இன்னும் ஆறு கோட்டு இதே நிறத்தில் கிடைக்குமா என்று அங்கிருந்து போன் வந்தது. முதலாளி மச்சானிடம் அந்தப் பேனா எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டுச் சன்னலோரம் நின்றாள். படியில் காலடி கேட்டது. மச்சான் சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்தார். மேஜையில் டிங் என்றது.

“ஆட்சேபங்கள் ஒன்று முதல் பதினான்கு வரை திரும்பப் பெறப்படுகின்றன. பதினைந்தாவது துவைக்கப்பட்டுவிட்டது.”

இருபது நாளும் முடிந்திருந்தது. டோக்கன் லைப்ரரியை நீக்கினார். நாலாயிரம் வரி போயிற்று, அறுபத்தோரு வரி வந்தது. இனி இரண்டு வினாடி காத்திருக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுத விரலை வைத்தபோது மறுபடியும் டிங் என்றது.

மச்சான் புது லைப்ரரி ஒன்று வெளியிட்டிருந்தார். பெயர் “இடைவெளி”. அதைச் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகோள். டோக்கன் திறந்து பார்த்தார். அது இரண்டு வினாடி சும்மா இருக்கும். வேறு எதுவும் செய்யாது. கூடவே இருபத்தாறு பக்கம் விளக்கவுரை. ஏழாம் பக்கத்தில் ஒரு காருக்கும் முன்னால் போகிற காருக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று படம்.

அதற்குள் விவாதப் பக்கத்தில் அரைக்கை எழுதிவிட்டார்: ஒரே வரியில் முடிகிற காரியத்துக்கு இன்னொருவரைச் சார்ந்திருக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. டோக்கன் தன் விதிமுறையை எடுத்துப் படித்தார். சார்பை நீக்குவதற்கு ஒன்றரைப் பக்கம் விதி இருந்தது. சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. யாரும் சேர்த்துக்கொள்ளக் கேட்பார்கள் என்று அன்றைக்கு அவர் நினைத்திருக்கவில்லை.

“என்னங்க, சாப்பாடு ஆறுது” என்றாள் மனைவி. சாப்பாடு இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

டோக்கன் கடைசியாக நிரலுக்குள் போய்ப் பார்த்தார். அந்த ஒற்றை வரிக்கு மேல் குறிப்பு இருந்தது. “இதை எடுக்காதே. காரணம் உண்டு.” அதற்குக் கீழே இந்தமுறை காரணமும் இருந்தது. பதினொரு வரியில், கவுண்டர் அக்காவுக்கு நன்றி சொல்லி, பாக்கெட்டுகளைப் பற்றித் தெளிவாக, ஒரு பிழையும் இல்லாமல். நன்றாகவே எழுதியிருந்தார். டோக்கன் லைப்ரரியைச் சேர்த்துக்கொண்டார்.

மச்சானின் போன் டிங் என்றது. அவர் அதைப் பார்க்காதவர்போல எழுந்து கை கழுவப் போனார்.

அடுத்த வாரம், நான்கு பாக்கெட் உள்ள கோட்டுகளுக்கு மூன்று வினாடி வேண்டும் என்று அக்கா கேட்டார். டோக்கன், பொதுவில் எழுதிப் போடுங்கள், ஆசிரியர் பதில் சொல்வார் என்றார். மச்சானும் சொன்னார்: “தங்கள் வேண்டுகோள் கிடைக்கப்பெற்றது.” ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கம்போலப் படியேறி வந்தார். கதவு திறந்த பிறகும் உடனே உள்ளே வரவில்லை. வாசலிலேயே இரண்டு வினாடி நின்று, கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.